பந்தலுக்குப் போன கரை

ஏரலுக்கு மாட்டுவண்டி மட்டுமே வந்துகொண்டிருந்த காலம். தாமிரபரணிக் கரையில் எனக்கு ஒரு வாழைத்தோட்டம். அதை ஒட்டி ஊர் அம்மன் கோயில். கார்த்திகை வெள்ளம் வருஷா வருஷம் கரையைத் தின்றது. வேர் பிடித்துவிட்டால் மண்ணை விடாது என்று கரை நெடுக ஆளுயரப் பூவரசங்கம்புகளை ஊன்றினேன். ஆடிக்குள் எல்லாம் துளிர்த்து நின்றன.

அம்மனின் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போடக் கோயில்காரர்கள் வந்தார்கள். பந்தல்கால் பச்சை மரமாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் கோயிலருகே இருந்த கம்புகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். கத்தினேன். "ஆத்தாவுக்குத்தானவே எடுத்தோம்!" என்று கோயில் தலைவர் என்னையே அதட்டினார்.

கார்த்திகையில் வெள்ளம் கம்பு பிடுங்கிய குழிகள் வழியாகவே கரையை அறுத்தது. என் வாழையில் பாதி போயிற்று. கோயில் மதிலும் சரிந்தது.

மறு ஆடியில் அதே தலைவர் ஆட்களோடு தோட்டத்துக்கு வந்தார். "ஆத்தா கோவத்துல இருக்கா, அண்ணாச்சி. இந்தக் கொடைக்குப் பந்தலப் பெருசாப் போடணும். மேக்க இன்னும் கம்பு நிக்கில்லா?"

"நானுந்தான் நிக்கேன். என்னையும் பிடுங்கிட்டுப் போய் நடும்வே!" என்றேன்.

சிரித்துக்கொண்டே கரையில் இறங்கினார்கள்.