சாவடியில் இறக்கிய கூடை

பிரெஞ்சுக்காரன் சீமையிலிருந்த குருவிநத்தத்துப் பவுனம்மாள் புருஷன் போனபின் ஆற்றோரக் கொல்லையில் கத்தரி போட்டு, கூடை சுமந்து கடலூர் சந்தையில் விற்றுப் பிழைத்தவள். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. ஆற்றைத் தாண்டிக் கரையேறியதும் சுங்கச் சாவடி. சேவகன் மணவாளன் கூடைக்குள் கைவிட்டுத் துழாவுவான். சாராயப் புட்டி எதுவும் இல்லையென்று தெரிந்ததும் நல்ல காயாகப் பொறுக்கிக்கொள்வான். யாரும் ஏனென்று கேட்டதில்லை.

யுத்த காலத்தில் இரண்டு சர்க்காரும் ஒத்துப்போய் அந்தச் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். சாவடி பூட்டிக் கிடந்தது. மணவாளனுக்கு வேலை போயிற்று. போக்கிடமில்லாமல் மறுநாளும் அங்கேயே மரத்தடியில் வந்து உட்கார்ந்தான். சந்தைக்குக் காய் சுமந்த பெண்கள் அதே இடத்தில் கூடையை இறக்கினார்கள். அவன் துழாவினான், பொறுக்கினான். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து பவுனம்மாளின் கொல்லையில் பாதியை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்தபின் அரைக்கூடை காயோடு வந்தாள். அதிலும் அவன் கைவைத்தான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

"இன்னாத்துக்குபா எடுக்கற? அதான் சுங்கமே இல்லியே."

மணவாளன் கையிலிருந்த காயைப் பார்த்தான்.

"நானா கேட்டேன்? நீங்கதான எறக்கி வெக்கிறீங்க."

அவன் சொன்னது நிஜம்தான்.

மறுநாள் மரத்தடியில் நிற்கப்போவதில்லை என்று, கூடவே கூடை சுமந்து வரும் பக்கத்து வீட்டு அமுதத்திடம் சொன்னாள். நாலு காய்க்காக அவனைப் பகைப்பானேன், நாளைக்கே சாவடியை மறுபடி திறந்துவிட்டால் என்ன செய்வது என்றாள் அமுதம். மரத்தடி வந்ததும் பவுனம்மாளின் கால் தானாகத் தயங்கியது. வலிய நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கூடையை இறக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

அதன்பின் தனியாகவே போனாள். கழுத்து கடுத்தது. நடுவழியில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆளில்லை, ஆகவே இறக்கவே முடியவில்லை. இத்தனை காலமும் தான் இளைப்பாறிய இடம் அந்த மரத்தடிதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தையில் அமுதம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தை பிறந்து காய் நிறையக் காய்த்தது. கூடை கனத்தது. ஒருநாள் முடியாமல் மரத்தடியில் இறக்கினாள். மற்றவர்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள். மணவாளன் கூடையையும் அவளையும் பார்த்தான். ஒரு காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து வந்து, இதுவரை செய்யாத வேலையாக, கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.

அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.