மக்காச்சோளக் காட்டு வெடி

என் மகள் என்னை முதல்முறை அடித்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சட்னியில் உப்பு இல்லை என்றாள். போட்டுக்கொள் என்றேன். தோசைக் கரண்டியைப் பிடுங்கி, சூட்டோடு என் தோளில் அடித்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவள் அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் நேரத்தில் வெடிமருந்து அறை வெடித்தது. உடம்பெல்லாம் வெந்து மருத்துவமனையில் கிடந்து, சில நாட்களில் போய்விட்டார். நான் சாத்தூரில் பள்ளி ஆசிரியை. துக்கம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அவளும் பள்ளிக்குப் போனாள், எதுவும் நடக்காததுபோல.

பிறகுதான் தொடங்கியது. வீட்டில் டிவியை உடைத்தாள். வகுப்பில் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினாள். அந்தப் பிள்ளையின் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள் என்றார்கள். வீட்டில் நான்தான் இருந்தேன். கையில் இருந்த காயங்களை மறைக்க நீளக்கை ரவிக்கை போட்டு வகுப்புக்குப் போவேன். கோயிலில் பாதிரியார் ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன்.

மதுரையில் பார்த்த மனநல மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். கூடவே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு முகாம் இருப்பதாகச் சொன்னார். அடிக்கிற, கையைக் கிழித்துக்கொள்கிற, வீட்டை விட்டு ஓடுகிற பிள்ளைகளைக் காட்டோரத்தில் நடக்க வைப்பார்கள். அவர்களே சமைத்து, கூடாரத்தில் படுக்க வேண்டும். போன் கிடையாது. கடைசி நாட்களில் பெற்றோரும் போய்த் தங்க வேண்டும்.

அவளை அனுப்பி வைத்தேன். கடைசி நாட்களில் நான் போனபோது மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மூக்கில் பிளாஸ்திரியோடு ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"விறகுக்கட்டையால ஒங்க மக அடிச்சது," என்றார் முகாமை நடத்துகிற அம்மா. முன்பு விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர்.

"என்ன தண்டனை குடுத்தீக?"

"மூக்கு ஆறுற வரைக்கும் அந்தப் பிள்ளை பங்குத் தண்ணியும் இவதான் சுமக்கணும். சண்டை போட்டுக்கிட்டேதான் சுமக்கா."

அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரம், ஓடைக்கரையில் நடந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். என் உடம்பு ஒடுங்கிப்போயிற்று. மகள் சத்தம் வந்த திசையை நோக்கி ஓடினாள். நானும் அந்த அம்மாவும் பின்னால் ஓடினோம்.

மக்காச்சோளக் காடு. ஓரத்தில் ஒரு விவசாயி காட்டுப்பன்றிகளை விரட்ட வெடி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள், நடக்கும்போது கையில் வைத்திருந்த ஊன்றுகோலால் அவர் மண்டையில் அடித்துவிட்டாள். நெற்றியில் ரத்தம் வழிய அவர் அவளை ஓங்கி அறைந்தார். கீழே இன்னொரு வெடியின் திரி எரிந்துகொண்டிருந்தது. அவள் அதன்மேல் பாய்ந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்த்தேன். வெடித்தது. முகமெல்லாம் மண். காது அடைத்துப்போயிற்று.

அவள் என்மேல் ஏறி அடிக்கத் தொடங்கினாள். முகத்தில், நெஞ்சில். முன்கையைக் கடித்தாள். பல் இறங்கியது. அவளை அறைய என் கையும் ஓங்கியது.

விவசாயியைத் தடுத்துப் பிடித்திருந்த அந்த அம்மா கத்தினார்: "அடிக்காதீக டீச்சர்! விட்டுறவும் செய்யாதீக!"

இரண்டு கைகளாலும் அவளை இறுக்கிக்கொண்டேன். அவள் முட்டியால் என் வயிற்றில் இடித்தாள். இடித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா தண்ணி கேட்டாக! நீ வெளிய போயிட்ட. எங்கிட்ட கேட்டாக. குடுக்கக்கூடாதுன்னு நர்சக்கா சொல்லிட்டாக. நான் குடுக்கல. கேட்டுக்கிட்டே இருந்தாக. நான் குடுக்கவே இல்லம்மா!"

டாக்டரைப் பார்க்க நான் வெளியே போன நேரம் அது. இத்தனை மாதத்தில் அவள் அதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எங்கிட்டயும் கேட்டாகடி," என்றேன். "நானும் குடுக்கல."

அவள் கை நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி மண்ணில் வாந்தியெடுத்தாள்.

விவசாயி துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். "பன்னிக்குத்தான தாயி போட்டேன்," என்றார். "எனக்கு என்ன தெரியும்?"

தையல் போட அவரை முகாம் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மகளையும் ஏறச் சொன்னார் அந்த அம்மா. தையல் போட்டு முடிகிற வரைக்கும் அவள் அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் வலியில் அவளைத் திட்டித் தீர்த்தார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். போலீசுக்குப் போகிறீர்களா என்று நான் பயந்து கேட்டேன்.

"பொட்டப்பிள்ளை படிப்பு போயிரும்," என்றார். "ஆனா இவ இனிமே எங்காட்டுப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிருவேன்."

"வரமாட்டேன்," என்றாள் மகள். கொஞ்சம் கழித்து, "வலிக்கா?" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் ஒருமுறை என்னை அடித்தாள். ஆனால் அன்றைக்கே அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி விடாமல் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் தூங்கிப்போனோம்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் குளியலறைக் கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் ஆசாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவளே போய்க் கூட்டிவந்திருந்தாள். கதவின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தபடி, "அம்மா, அவுகளுக்குக் காப்பி போடு," என்றாள்.