முதுகைக் காட்டாத ஈக்கள்

செல்போனில் வரும் போட்டோவைப் பார்த்து ஈயின் குலம் கோத்திரம் சொல்வது என் பிழைப்பு. மங்கலான படத்தை நீட்டி "இது என்ன?" என்று கேட்கப்படும் வேலையில் இருப்பவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிர் ஆலோசனை சொல்லும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மக்காச்சோளத்தில் புழு விழுந்தால், அதைக் கொல்லும் ஒட்டுண்ணி ஈ வந்திருக்கிறதா என்று படம் பார்த்து நான் சொல்ல வேண்டும். வந்திருந்தால் மருந்து அடிக்கக் கூடாது, ஈயும் சேர்ந்து செத்துவிடும். வெறும் வீட்டு ஈ என்றால் உடனே அடித்தாக வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒட்டுண்ணி ஈக்குப் பின்முதுகில் முள் முள்ளாக முடி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடக்கம்

சோழபுரம் முத்தையா அண்ணாச்சியின் சோளக் குருத்தைப் புழு தின்றுகொண்டிருந்தது. மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஈயின் முதுகு தெரிகிற மாதிரி மேலிருந்து ஒரு படம் கேட்டேன். கறுப்பாக ஒரு தீற்றலும் அதில் ஒட்டிய ஒற்றைச் சிறகும் வந்தன. இது என்ன அண்ணாச்சி என்றேன்.

"உசுரோட இருந்தா அடங்கி உக்கார மாட்டேங்குது சார். அதான் செருப்பால ஒரு தட்டு தட்டிட்டுப் பொறவு எடுத்தேன்."

அழகு

அடுத்த படத்தை அவர் மருமகள் தன் புதுப் போனில் எடுத்து அனுப்பினார். இலைமேல் உயிருள்ள ஈ! ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தால், முதுகு துலக்கிய செம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. முகத்தை அழகாக்கும் வசதி அந்தப் போனில் உண்டு. அது ஈக்கும் சவரம் செய்துவிட்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னதில் அந்தப் பெண்ணுக்கு வருத்தம்.

"எம்புட்டுப் பளிச்சுனு விழுந்திருக்கு, இதப் போயி வேண்டாங்கிறீங்களே சார்."

நிபுணர்

மூன்றாவது படத்தில் முடி இருந்தது. ஒட்டுண்ணி ஈயேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து நாற்காலி நண்பர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார்.

"ஈன்னா ஈதான். மருந்தடிக்கச் சொல்லிட்டுச் சாப்பிட வாங்க."

ஒத்தாசை

நான் அப்படிச் சொல்லவில்லை. இது நல்ல ஈ, புழுவை இதுவே ஒழித்துவிடும், மருந்து வேண்டாம் என்றேன். அண்ணாச்சி அப்படியே கேட்டார். சில நாள் கழித்து ராஜபாளையம் போனவன் அவர் தோட்டத்துக்கும் போனேன். மருந்துப் புட்டி மூடி திறக்காமல் இருந்தது. சோளத்தில் நரம்புதான் மிச்சம். அந்த ஈ தன் வெள்ளை முட்டைகளைப் புழுவின் மேலேயே ஒட்டிவிட்டுப் போகும். பொரிந்த குஞ்சு உள்ளே துளைத்துப் புழுவைத் தின்னும். அப்படி முட்டை ஒட்டிய புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"ஈ மட்டும் எம்புட்டுத்தான் செய்யும் சார்? அதுக்கு ஒத்தாசையா, முட்டை வச்ச தாய்ப் புழுவ பூரா நாங்க குடும்பத்தோட பொறுக்கி நசுக்கிட்டோம். மிச்சம் மலட்டுப் புழுதானன்னு விட்டுட்டோம்."

ஈயைப் பற்றி நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, சோளம்தான் போய்விட்டது.