நூலகத்தில் ஓர் எட்டு நிமிடக் குரல்

செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரம் தாண்டி உள்ள ஒரு சிற்றூரில் வெண்மதி நூலகர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்கக் கூலிக்குப் போய் அவளை எம்.ஏ. வரலாறு வரை படிக்க வைத்தார்கள். செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்த ஆண்டு, தங்கள் ஊருக்கும் ஒரு வரலாற்றுக் கண்காட்சி வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஊரார் நெல் அளந்த மரக்கால், மாடு கட்டிக் கவலை இறைத்த சால், பழைய கல்யாணப் படங்கள் என்று கொண்டுவந்து குவித்தார்கள். சிலர் பேச வந்தார்கள். அவள் செல்போனில் பதிவு செய்துகொண்டாள்.

காலனியைச் சேர்ந்த கோவிந்தசாமி எட்டு நிமிடம் பேசினார். பத்தொன்பது வயதில், அறுப்புக் கூலியில் அரைப் படி கூடக் கேட்டதற்காக, பண்ணை வீட்டு வாசல் புளியமரத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரைக் கட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் பண்ணைக்காரரின் பெயரையும் சொன்னார்.

"அவரு பேர மட்டும் எடுத்துடவா பெரிப்பா?" என்று வெண்மதி கேட்டாள்.

"எம்பேரு இருக்குது இல்ல? அவரு பேரும் இருக்கட்டும்."

எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. ஒரு மதியம் பண்ணைக்காரரின் பேரன் ரங்கநாதன் நூலகத்துக்கு வந்தார். செஞ்சியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினார்.

"தேசிங்கு ராஜா கத போடேம்மா. ஜனம் ஆசையா பாக்கும். எங்க தாத்தா பேரு எதுனா வருதா?"

வெண்மதி எழுந்து நின்றாள். "வருதுங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். "உம் பொண்ணு செஞ்சியிலதான படிக்குது? அஞ்சு மணி பஸ்ல தான வருது?"

அவ்வளவுதான். தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நாலரைக்கே வெண்மதி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அங்கே இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்கள். அவர்களும் யாருக்காவது காத்திருந்திருக்கலாம். கேட்க அவளுக்குத் துணிவில்லை. மகள் எழில் இறங்கியதும் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, நான் சின்னப் புள்ளையா?" என்று எழில் கையை உதறினாள்.

 அந்த வாரம் ஒரு நாள் வெண்மதி பண்ணைக்காரரின் பெயரை வெட்டிவிட்டுப் பதிவைக் கேட்டுப் பார்த்தாள். யாருமே கட்டாமல் கோவிந்தசாமி தானே போய் மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. முழுப் பதிவையே திரும்ப வைத்தாள். வைத்த பிறகு பயம் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறந்தது. மரக்காலைத் தூக்கிப் பார்த்தார்கள், படங்களில் தங்கள் ஆட்களைத் தேடினார்கள். பதிவைக் கேட்கும் காதுக்கருவி இருந்த மேசைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. கோவிந்தசாமி மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்கு வாசலில் ரங்கநாதனின் கார் நின்றது. கூட்டம் சட்டென்று அடங்கியது. இந்தக் கட்டடத்துக்கு ஒரே கதவுதானே என்று வெண்மதி நினைத்தாள். எழில் உள்ளேதான் இருந்தாள்.

முதலில் இறங்கியது ரங்கநாதனின் தாய் ரத்தினம்மாள். நேராக மேசைக்கு வந்தார்.

"இத காதுல எப்டிம்மா மாட்டறது?"

வெண்மதி மாட்டிவிட்டுப் பதிவை ஓடவிட்டாள். ரத்தினம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "போதும், வாம்மா" என்று ரங்கநாதன் கதவருகிலிருந்து இருமுறை கூப்பிட்டார். அது அவர் காதில் விழவில்லை. எட்டு நிமிடமும் ஒருவரும் அசையவில்லை.

கருவியைக் கழற்றியதும் ரத்தினம்மாள் சொன்னார்: "புளியமரம் இல்ல. வேப்பமரம். நான் வாக்கப்பட்டு வந்த நாலாவது மாசம். ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

மூலைப் பக்கம் திரும்பினார். "தண்ணி கேட்ட. நான் சொம்ப எடுத்தேன். மாமனார் திரும்பிப் பாத்தாரு. கீழ வச்சிட்டேன்."

கோவிந்தசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். பிறகு, "வேப்பமரமா இருக்கும்மா. நான் தலைய தூக்கவே இல்ல. ஆனா தண்ணி வரல," என்றார்.

ரத்தினம்மாள் தலையசைத்தார். ரங்கநாதன் யாரையும் பார்க்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கார் போன பிறகுதான் வெண்மதி உட்கார்ந்தாள். 

கண்காட்சி மூன்று நாளும் நடந்தது. யாரும் எதையும் உடைக்கவில்லை. ரங்கநாதன் அதன்பின் அவளோடு பேசியதில்லை. வழியில் அவர் கார் மெதுவானால் இன்றும் அவள் நடையை எட்டிப் போடுகிறாள். அடுத்த மாதம் இன்னும் நான்கு பேர் தாங்களும் பேச வேண்டும் என்று வந்தார்கள். எல்லோருடைய பேச்சையும் பதிவு செய்தாள். பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் நூலகக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்கிறாள்.