குழாயில் விழுந்த பழுப்புக் கோடு

பள்ளியில் இயற்பியலில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை எழுபத்தெட்டு வாங்கியவள். இடது கண்ணில் பாதிப் பார்வைதான் என்றாலும், அரை மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயை உடைக்காமல் அதற்குள் பொடி நிரப்பிக் காட்டி, நாற்பத்தொரு பேரை முந்தி வேலை வாங்கியவள். "மெஷின் பக்கம் பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்ட மாமாவின் வாயை, அவருடைய மிக்சியைச் சரிசெய்தே அடைத்தவள். வீட்டுக்கு அவள் சின்னவள். தையல் கடை வைத்திருக்கும் அக்காவையே ஊசியில் நூல் கோப்பதில் தோற்கடித்தவள்.

வேலை சிங்க்ரோட்ரான் கூடத்தில். எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் ஓடவிட்டு, அவை திரும்பும் இடத்தில் தெறிக்கும் எக்ஸ்-கதிரைப் பிடித்துப் பொடிமேல் விடுவார்கள். பொடியிலுள்ள படிகங்கள் கதிரைச் சிதறடிக்க, திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு வரைகோடு வரும். படிகத்தின் உள்ளடுக்கு மாறினால் மேடுகளும் மாறும்.

அன்றைய பொடி சூட்டைச் சேர்த்து வைக்கக்கூடியது. எண்பது டிகிரியைத் தாண்டினால் அடுக்கு மாறும் என்பது கணக்கு. காலை எட்டு முதல் மாலை நான்கு வரைதான் இடம் சின்னவளின் குழுவுக்கு. அப்புறம் அடுத்த குழு வந்துவிடும். சின்னவளின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிக்கக் கடிதம் எழுத வேண்டியவர் ஆய்வுத் தலைவர்.

பன்னிரண்டரைக்கு, அறுபத்திரண்டு டிகிரியிலேயே ஒற்றை மேடு இரண்டாகப் பிளந்தது.

தலைவர் துள்ளி எழுந்தார். "பாத்தியாம்மா! அறுபத்திரண்டுலயே மாறிடுச்சு! இனி நம்மளப் பிடிக்க ஆளில்ல!"

"சார், கால் தரையில இருக்கான்னு பாத்துக்குங்க," என்றார் பதிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்த கணினிக்காரர்.

சின்னவள் சிரிக்கவில்லை. கதிருக்காகப் பூட்டிய அறைக்குள் சுழலும் பொடிக் குழாயைக் கேமராவில் பார்த்தாள். கதிர் படும் இடத்தில் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், பழுப்பாக ஒரு கோடு.

ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கதிரின் கதவை மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி வீணாகிறதே என்று காலையிலிருந்து அவள் மூடவே இல்லை. கதிர் ஒரே இடத்தை விடாமல் தாக்கியதில், சூடு அல்ல, கதிரே பொடியை மாற்றியிருக்கலாம். சொன்னால் கடிதம் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தலைவர் அப்போதே கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், மேல சூடேத்த வேண்டாம். நிறுத்துங்க."

"ஏன்?"

"கதவை நான் மூடல. காலையிலேருந்து."

தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சூட்டுல மாறுது, அவ்வளவுதான்."

"சூடு அஞ்சு மில்லிமீட்டருக்குப் படுது சார். நிறம் ஏன் ஒரே இடத்துல மட்டும் மாறுது? குழாயை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பாப்போம். அங்கயும் ரெண்டு மேடு வந்தா நீங்க சொல்றதுதான் சரி. என்னை அனுப்பிடுங்க."

"மூணே கால் மணி நேரந்தான் பாக்கி. புரியுதா?"

"புரியுது சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னவள் மோட்டாரை நகர்த்தினாள். அதே அறுபத்திரண்டு டிகிரி, கதிர் படாத புது இடம், இருபது விநாடிப் பதிவு.

வரைகோடு வந்தது. ஒற்றை மேடு.

"போச்சுடா!" என்று தலையில் கைவைத்தார் கணினிக்காரர்.

தலைவர் இரண்டு வரைகோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதை நான் வெளியிட்டிருந்தா ஊரே காறித் துப்பியிருக்கும்," என்றார். "புதுக் குழாய் போடும்மா."

போட்டாள். இம்முறை ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் கதவு மூடியது. மேடு பிளந்தபோது சூடு எண்பத்தொன்று, மணி மூன்று நாற்பது. அடுத்த குழுவின் தள்ளுவண்டி வாசலுக்கே வந்துவிட்டது.

தலைவர் கூடத்துப் பதிவேட்டைத் திறந்து, நடந்ததைத் தன் கையால் எழுதினார். அதுவரை சின்னவள் செய்த வேலைக்கெல்லாம் அதில் வேறு யாரோதான் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"தப்பு பண்ணவங்க இங்க போடணும். கண்டுபிடிச்சவங்க இங்க."

"ரெண்டும் நான்தானே சார்?"

"அப்ப ரெண்டு இடத்துலயும் போடு. கடிதத்துக்கு நாளைக்கு வா."

சின்னவள் தன் முழுப் பெயரை அந்தப் பதிவேட்டில் முதன்முதலாக எழுதிய நாள்: 2017 நவம்பர் 9, வியாழக்கிழமை.