பன்னிரண்டு கல் முனாஸ்

கற்பிட்டி வீதிப் பக்கத்து ஆறு பள்ளிக்கூடங்களின் பொருட்பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்து யாராவது கூட்டிப் பார்த்தால், அங்கே எழுபத்திரண்டு பாறை மாதிரிகளும் ஆறு வெப்பமானிகளும் பாரம் நிறுக்கும் ஆறு விற்றராசுகளும் இருக்கின்றன. அப்படி ஒருவரும் விரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் முனாஸ் பதினான்கு வருடங்களாகப் பிழைத்து வருகிறார். மெய்யாகவே இருப்பவை பன்னிரண்டு கல், ஒரு வெப்பமானி, ஒரு விற்றராசு. அவை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பெட்டி, முனாஸின் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் பழைய டியூப் பட்டியால் கட்டப்பட்டிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானச் செய்முறைப் பரீட்சை நடக்கும். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். தீப்பாறையா, அடையற்பாறையா, உருமாறிய பாறையா என்று பிரிக்க வேண்டும். வெப்பநிலை வாசிக்க வேண்டும், ஒரு பொருளை நிறுக்க வேண்டும். கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் நாளுக்கொரு பள்ளிக்கூடமாக வந்து மேற்பார்வை செய்வார். பின்னேரம் அவர் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெட்டி அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர், "இவை எமது ஆய்வுகூடத்துக்குரியவை" என்று கையெழுத்து வைப்பார். அதில் பொய் கிடையாது. அன்றைக்கு அவை அவர்களுடையவைதான்.

முனாஸுக்கு வயது நாற்பத்து நான்கு. பதவி ஆய்வுகூட உதவியாளர், ஆனால் அமைய அடிப்படையில். அதாவது வேலை செய்த நாளுக்குத்தான் காசு, ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. நிரந்தர நியமனத்துக்கு வயதெல்லை நாற்பத்தைந்து. ஒக்டோபர் இருபத்தாறில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வருட அறிக்கையில் "உபகரணங்கள் நன்கு பேணப்படுகின்றன" என்று ஆலோசகர் ஒரு வரி எழுதிவிட்டால் நேர்முகத்துக்குப் போகலாம். எழுதாவிட்டால் சாகும்வரை அமையம்தான்.

பேணுவதைப் பற்றி முனாஸிடம் கேட்க வேண்டும். அவர் பொறுப்பெடுத்தபோது பன்னிரண்டும் அசல் கல்லுகளாகத்தான் இருந்தன. முதலில் போனது ஏழாம் இலக்கம், பசோல்ற்று. எரிமலைக் குழம்பு ஆறி உண்டான கறுப்புக் கல். வீதியின் நடுவில் படுத்திருந்த ஒரு கழுதையை எழுப்புவதற்காக அவசரத்தில் பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்டதை எறிந்தார். கழுதை அசையவில்லை. பசோல்ற்று பக்கத்துக் கடல்நீர்க் களப்புக்குள் போய் விழுந்தது. விடிந்தால் பரீட்சை. நிலக்கரி மின்நிலையம் உள்ள நுரைச்சோலையில் இருக்கும் மச்சான் எங்கிருந்தோ ஒரு துண்டு நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தார். முனாஸ் அதில் டிப்பெக்ஸ் வெள்ளை மையால் ஏழு என்று எழுதினார். அந்த வருடம் தொடக்கம் பிள்ளைகளின் தாளில் ஏழாம் விடைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெருவிரல் அடையாளம் விழுந்தது. பசோல்ற்றின் இயல்புகளில் ஒன்றாக அதையும் ஆசிரியர்கள் குறிப்பில் சேர்த்துக் கொடுத்தார்கள்: கையில் ஒட்டும்.

இரண்டாம் இலக்கச் சலவைக்கல்லை ஒரு அதிபர் கடதாசி பறக்காமல் இருக்க மேசையில் வைத்தார். இடமாற்றம் கிடைத்தபோது மேசையில் இருந்த மற்றச் சாமான்களோடு அதையும் கொண்டுபோனார். மதுரங்குளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பொறுக்கிய டைல் துண்டின் முதுகில் இருந்த கொம்பனி எழுத்தை முனாஸ் அரை நாள் உட்கார்ந்து சுரண்டினார். மணற்கல்லில் கன்ரீன்காரர் கத்தி தீட்டித் தீட்டி அதை மணலாகவே ஆக்கிவிட்டார். அந்த இடத்துக்கு உடைந்த மதகிலிருந்து ஒரு கொங்கிறீற்றுத் துண்டு வந்தது. நுரைக்கல் காணாமற் போனபோது மனைவி ஜுனைதா குதிக்கால் தேய்க்கும் கல் இரவோடிரவாக அரச சேவையில் சேர்ந்தது. ஐந்தாம் இலக்கப் பாறை உப்பு மட்டும் ஒவ்வொரு மாரியிலும் கரைந்து, ஒவ்வொரு கோடையிலும் புத்தளத்து உப்பளத்திலிருந்து புதிதாகப் பிறந்து வந்தது.

வெப்பமானி ஒரு முறை கீழே விழுந்தது. உடையவில்லை. முப்பத்தொரு பாகையில் நின்றுவிட்டது. புத்தளம் கடற்கரையில் இதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

பழைய ஆலோசகர் செபஸ்தியாம்பிள்ளை சேர் பத்து வருடங்களாக ஆறு பள்ளிக்கூடங்களிலும் இதே பெட்டியைச் சந்தித்தவர். "என்ன முனாஸ், கல்லுகள் எல்லாம் சுகமா?" என்று கேட்பார். "அல்ஹம்துலில்லாஹ், சுகமா இரிக்கு சேர்" என்பார் முனாஸ். புள்ளி போடுவதற்கான விடைத்தாளையும் சேர்தான் தயாரித்தார், பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து. போன வருடம் அவர் ஓய்வு பெற்றார்.

இந்த வருடம் வந்தவர் தவச்செல்வன். போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிய புவிச்சரிதவியல் படித்தவர். கழுத்தில், கல்லைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு சிறிய வில்லையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதைக் கண்டதுமே முனாஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

முதலாவது பள்ளிக்கூடத்தில் நஸ்ஹா என்ற பிள்ளை ஏழாம் இலக்கத்தைத் தொடக்கூட இல்லை, தூரத்திலிருந்தே விடையை எழுதிவிட்டாள். தவச்செல்வன் பக்கத்தில் போனார்.

"இது என்ன, பிள்ளை?"

"பசோல்ற்று, சேர். தீப்பாறை."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"ஏழாம் நம்பர், சேர்."

"இதில நெருப்பு வைச்சா எரியுமோ, எரியாதோ?"

நஸ்ஹா கல்லைப் பார்த்தாள், ஆலோசகரைப் பார்த்தாள். "அடுப்பில போட்டா எரியும், சேர். பரீட்சையில எரியாது."

தவச்செல்வன் வில்லையைக் கண்ணில் வைத்தார். பன்னிரண்டு கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாம் இலக்கத்தை மட்டும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு வெப்பமானியை எடுத்து, தனக்கென்று வைத்திருந்த தேநீருக்குள் விட்டார். முப்பத்தொன்று. அதிபர் ஐஸ் போட்டு அனுப்பிய நன்னாரிச் சர்பத்துக்குள் விட்டார். முப்பத்தொன்று.

"முனாஸ் நானா, இஞ்ச வாங்கோ. இது நிலக்கரி."

முனாஸ் வாய் திறக்குமுன் விஞ்ஞான ஆசிரியை ஷிஹாரா குறுக்கே வந்தார். "மன்னிச்சிக்கோங்க சேர், அது பசோல்ற்று. நானும் இந்தப் பெட்டியாலதான் படிச்ச. பத்தாம் தரத்தில எனக்கு நூத்துக்கு நூறு. கையில ஒட்டுது பாருங்க!"

"பசோல்ற்று கையில ஒட்டாது, மிஸ்."

"அப்ப நான் பிள்ளைகளுக்குப் பிழையா படிப்பிக்கிறன் எண்டா சொல்றீங்க?"

தவச்செல்வன் வேப்பமரத்தடிக்குப் போய், வலயப் பணிப்பாளர் றஜனி மெடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கல்லுகளில் எட்டு பிழை, விடைத்தாளும் பிழை, உடனே எழுதப்போகிறேன் என்றார். மெடம் முழுவதையும் கேட்டு முடித்தார்.

"தம்பி தவச்செல்வன், கல் பிழை எண்டு நீர் எழுதினா, பத்து வருஷப் பிள்ளைகளும் பிழை. அதில கொஞ்சப் பேர் இப்ப எங்கட ஆசிரியர். ரெண்டு பேர் வினாத்தாள் தயாரிக்கிற குழுவில வேற இருக்கினம். ஆரைத் திரும்பிப் பத்தாம் தரத்தில இருத்தப்போறீர்?"

"அப்ப மெடம், நிலக்கரியை என்னண்டு எழுதுறது?"

"படிவத்தில கல்லின்ர பேர் எழுத இடம் இருக்கோ?"

இல்லை. தவச்செல்வன் பார்த்தார், உண்மையாகவே இல்லை. பெரிய யோசனைக்குப் பிறகு "உபகரணங்கள் பேணப்படுகின்றன" என்று எழுதினார். "நன்கு" என்ற சொல்லை எழுத அவருடைய கை வரவில்லை. மற்ற ஐந்து பள்ளிக்கூடங்களின் பரீட்சையையும் மெடம் தள்ளிப்போட்டார். முனாஸை ஒக்டோபர் இருபதாம் திகதி நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஒரு சொல் குறைந்த ஆளாகத்தான் போக வேண்டியிருந்தது.

அந்த நேர்முகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுகூட உதவியாளருக்கு வருகிறவர், பத்தாம் தரப் பிள்ளை செய்யும் அதே பரீட்சையைச் செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து கல்லை எடுத்துக் காட்டுவார்கள், பெயர் சொல்ல வேண்டும். இரண்டு பரீட்சகர்கள் தனித்தனியாகப் புள்ளி போடுவார்கள், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். பன்னிரண்டுக்கு ஆறு எடுத்தால் வேலை. பரீட்சகர்கள் றஜனி மெடமும் தவச்செல்வனும்.

"இதில என்ன பயம்?" என்றார் ஜுனைதா, கோழிக்குத் தவிடு குழைத்தபடி. "அந்தக் கல்லுகள ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுதான் பிரச்சின. பட்டியல்ல உள்ள பேரச் சொன்னா, அந்தச் சேருக்கு முன்னால தெரிஞ்சே பொய் சொல்ற ஆளாவன். மெய்யச் சொன்னா, மாத்தி வெச்சது நான்தான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. மெடத்துக்கிட்ட புள்ளியும் இல்ல."

"பொய் சொல்லி நியமனம் எடுத்தா அந்தச் சம்பளத்தில சோறு எறங்குமா?"

"மெய் சொன்னா சம்பளமே எறங்காதே!"

"எண்டா ஒண்டு செய்யுங்க. என்ட குதிக்கல்லப் பாத்து எரிமலையில வந்தது எண்டு மட்டும் சொல்லிப் போடாதீங்க. அது புத்தளம் சந்தையில நான் வாங்கின."

இருபதாம் திகதி மெடத்தின் முன்னால் விடைத்தாள் இருந்தது. தவச்செல்வனின் முன்னால் வில்லை இருந்தது. நடுவில் பிஸ்கட் பெட்டி.

மெடம் முதலாவது கல்லை நீட்டினார். "கருங்கல், மெடம்" என்றார் முனாஸ். இருவரும் சரி போட்டார்கள். அது அசல் கல்.

இரண்டாவது வந்தது. முனாஸ் அதைக் கையில் வாங்கினார். சுரண்டிய முதுகு விரலில் தட்டுப்பட்டது.

"எந்த விடை வேணும் மெடம்? பரீட்சை விடையா, மெய் விடையா?"

"ஒரு கல்லுக்கு ஒரு விடைதான், முனாஸ். யோசிச்சுச் சொல்லும்."

முனாஸ் யோசித்தார். ஒக்டோபர் இருபத்தாறை யோசித்தார். பதினான்கு வருட வெயிலையும் மழையையும் யோசித்தார். இத்தனை வருடம் தான் தேடித் தேடி நிறம் பார்த்து, பாரம் பார்த்துச் சேர்த்த கல்லுகளைப் பற்றி ஒருவராவது தன்னிடம் கேட்டதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இப்போது கேட்கிறார்கள்.

"மதுரங்குளி கல்யாண மண்டபத்துத் தரை டைல், மெடம்."

மெடம் பிழை போட்டார். தவச்செல்வன் சரி போட்டார்.

"மூணு?"

"மதகு உடைஞ்ச கொங்கிறீற்று."

"ஆறு?"

"என்ட பொஞ்சாதி குதி தேய்க்கிற கல். சந்தையில வாங்கின."

"ஏழு?"

"நிலக்கரி. பசோல்ற்று களப்புக்குள்ள கெடக்கு மெடம். எடம் சொல்ல ஏலும், எடுக்க ஏலாது."

"ஒம்பது?"

"சிலேற்று எண்டு பட்டியல்ல இரிக்கு. ஆனா அது உடைஞ்ச கூரைத் தகடு. கறுப்புப் பெயின்ற் ரெண்டு பூச்சு."

தவச்செல்வன் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். பத்தாவதுக்கு வந்தபோது அவர் வில்லையைக் கீழே வைத்துவிட்டார், முனாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முடிந்தது. அவருடைய தாளில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மெடத்தின் தாளில் நாலு.

"மெய் சொன்னதுக்கு நான் புள்ளி தர ஏலாது, முனாஸ்" என்றார் மெடம், உண்மையான வருத்தத்தோடு. "அது விடைத்தாள்ல இல்ல."

"விளங்குது மெடம்."

தவச்செல்வன் கடதாசியில் கூட்டினார். பதினாறு. பாதி, எட்டு. ஆறுக்கு இரண்டு கூட.

மெடம் அந்தக் கணக்கை வாங்கி இன்னொரு முறை கூட்டினார். திரும்பவும் எட்டுத்தான் வந்தது. ஒரு ஆள் மெய்யையும் சொல்லி, சித்தியும் அடைந்தால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாததால், கையெழுத்து வைத்தார்.

கல்லுகளின் கதையையும் வலயம் நியாயமாகத் தீர்த்து வைத்தது. அசல் கல்லுகள் கிடைக்கும்வரை, தற்போதுள்ளவை பரீட்சைத் தேவைகளுக்கு மட்டும் விடைத்தாளில் உள்ள பெயர்களால் கருதப்படும் என்று கடிதம் வந்தது. மற்றத் தேவைகளுக்கு அவை எவையாகவும் இருக்கலாம். தவச்செல்வன் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார் என்றும், பிறகு அசல் பசோல்ற்று ஒன்றுக்காகத் தன் பழைய பேராசிரியருக்கு எழுதினார் என்றும் கேள்வி.

முனாஸின் நியமனக் கடிதம் இருபத்தைந்தாம் திகதி, ஒரு நாள் மிச்சமிருக்கும்போது வந்தது. அவர் அதைக் கடைசி வரிவரை படித்தார். எட்டாவது பந்தியில் ஒரு விஷயம் இருந்தது. ஜுனைதாவைக் கூப்பிட்டு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

தள்ளிப்போட்ட பரீட்சை திங்கட்கிழமை இரண்டாவது பள்ளிக்கூடத்தில் தொடங்க இருந்தது. காலை ஏழு மணிக்கு அந்த அதிபர் முனாஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"முனாஸ், எங்க நிக்கிறீங்க? பிள்ளைகள் வரத் தொடங்கிட்டாங்க. பெட்டிய இன்னும் காணல்ல!"

"நான் இண்டைக்கு லீவு, சேர்."

"என்னது?"

"லீவு, சேர். வருஷத்துக்கு நாப்பத்தியிரண்டு நாள். எட்டாவது பந்தி."

"அப்ப பரீட்சை?"

"நாளைக்கு வெச்சிக்கோங்க சேர். நான் அஞ்சர மணிக்கே கொண்டாந்து தாறன்."

அவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். ஜுனைதா தேங்காய்ச் சம்பலோடு பாண் கொண்டுவந்து வைத்தார். அன்றைய கூலி போய்விடுமே என்ற நினைப்பில்லாமல் முனாஸ் மெதுவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும், செய்வதற்கு ஒன்றும் தெரியாமல், இன்னுமொரு துண்டு பாண் கேட்டார்.