தனியாளுக்கு ஒரு வின்ச்

சின்னமனூரில் வின்ச் என்றால் ஆளுக்கு ஒன்று நினைத்துக்கொள்வார்கள். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு அது பழனி மலையில் ஏறுகிற பெட்டி. தோட்டக்காரர்களுக்கு, கிணறு வெட்டும்போது மண்ணை மேலே தூக்குகிற இயந்திரம். அதனால் வின்ச் வாங்கப் போவதாக ஒச்சாண்டி டீக்கடையில் வாயை விட்டதும், கடைக்காரி பிச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே, இனி பழனிக்குப் போக வேணாமா? முருகன இங்கனயே எறக்கிவிடப் போறீகளா?”

பேச்சு அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் தேவாரத்துக்காரர் ஒருவர் கிணறு வெட்டும் வின்சை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஒச்சாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“கெணறு எங்கனண்ணே?”

“கெணறு இல்லப்பா. படகுக்கு.”

வந்தவர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எதிரே வாழைத் தோட்டம். அதற்கு அப்பால் மலை. “படகு எங்க?”

“கேரளாவுல.”

ஒச்சாண்டி கொடுத்த மோரை அவர் குடித்து முடித்தார். “ஒங்களுக்கு வெயிலு ஆகாது போலண்ணே, உள்ள போய்ப் படுங்க” என்றுவிட்டு டிராக்டரைத் திருப்பினார்.

ஒச்சாண்டிக்கு வயது அறுபத்திரண்டு. பாதி ஆயுள் மஸ்கட்டில், பாய்மரப் படகுகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் போனது. அடுத்தவன் படகுக்குப் பாய் கட்டி, கயிறு மாற்றி, வெள்ளோட்டம் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்பது அவர் வேலை. ஊர் திரும்பியவர் எல்லோரையும் போலத் திராட்சைத் தோட்டம் வாங்குவார் என்று பார்த்தால், வேம்பநாட்டுக் காயலோரம் ஒரு ரிசார்ட்டில் கழித்துப் போட்டிருந்த சின்னப் பாய்மரப் படகை வாங்கினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி சந்தனம்மாள் மட்டும் ஏசவில்லை.

“இத்தன வருசமா ஒங்கள போன்லதான பாத்தேன். படகுலயாவது பக்கத்துல உக்காருறேன்” என்றாள்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு வேலையும் பார்த்தாள். படகில் வின்ச் என்பது உரல் அளவுகூட இல்லாத ஓர் எஃகு உருளை. காற்று நிரம்பிய பாயை வெறுங்கையால் இழுக்க முடியாது. பாயின் கயிற்றை அந்த உருளையில் மூன்று சுற்றுச் சுற்றி, கைப்பிடியைப் போட்டுத் திருக வேண்டும். ஆனால் சாதா வின்சில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒருவர் திருகத் திருக, சுற்றிலிருந்து வெளியே வருகிற வால் கயிற்றை இன்னொருவர் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சுக்கானையும் பார்க்க வேண்டியிருப்பதால் தனியாளுக்கு மூன்று கை தேவை. சந்தனம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வால் கயிற்றை இழுத்துப் பிடிப்பாள். “விட்றாத, விட்றாத” என்று அவர் கத்தினால், “நா விட மாட்டேன், நீங்க ஓட்டுங்க” என்பாள்.

ஒரு மழைக்காலம்தான் அது நடந்தது. அடுத்த மழைக்கு அவள் இல்லை. இரண்டு வருடம் படகு தார்ப்பாய்க்குள் கிடந்ததில் இரண்டு வின்சும் துருவேறி இறுகிவிட்டன.

ஒரே மகள் மாரீஸ்வரி ஆக்லாந்தில் இருந்தாள். போன பொங்கலுக்குப் பேசும்போது, “டிசம்பர்ல வர்றேன்ப்பா, படகுல போவோம். அம்மா எடத்துல நான் உக்காருறேன்” என்றாள். அந்த ஒரு வாக்கில்தான் அவர் தார்ப்பாயை எடுத்தார். இரண்டு சாதா வின்ச், பழையதாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிட வேண்டும், டிசம்பருக்குள்.

சந்தனம்மாளின் தம்பி நல்லகண்ணு துணைக்கு வந்தான். லோயர் கேம்ப்பில் ஒரு டீயைக் குடித்து மலையேறி, குமுளி தாண்டி, கொச்சிக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அவர்கள் தேடிப் போனது கப்பலில் கழித்த சாமான் விற்கிற கடை. நங்கூரமும் சங்கிலியும் பழைய சோபாக்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைக்காரர் ஒரு மரப்பெட்டி நிறைய வின்ச் கொண்டுவந்து வைத்தார்.

ஒச்சாண்டி ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுழற்றினார். கடகடவென்ற சத்தம் ஒரே சீராக வர வேண்டும். நடுவில் ஒரு சத்தத்தை முழுங்கினால் உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் கொடுத்தால் வேண்டாம். அப்படிக் கழித்துக் கழித்து இரண்டு தேறின.

“மாப்ள, இந்தக் கயித்தச் சுத்து பாப்போம்.”

நல்லகண்ணு சுற்றினான். கயிறு உருளையோடு ஒட்டாமல் நழுவியது.

“எடமாச் சுத்துற. வலமாச் சுத்துப்பா. வின்ச் அப்படித்தான் சுத்தும். வீரபாண்டி கோயில எப்படிச் சுத்துவ?”

“கோயில வலமாத்தேன் சுத்துவேன்.” நல்லகண்ணு கயிற்றைப் பிரித்தான். “நாம ரெண்டு பேரும் கடைசியாச் சுத்துனது எடமால்ல மச்சான். அந்த ஞாபகத்துல கை போயிருச்சு.”

சந்தனம்மாளுக்குச் சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுமந்து இடமாகச் சுற்றியவர் ஒச்சாண்டி. பின்னாலேயே நடந்து குடத்தைக் கொத்திவிட்டவன் நல்லகண்ணு. மகளுக்கு விமானம் கிடைக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒச்சாண்டி கயிற்றை வாங்கி, தானே வலமாக மூன்று சுற்றுச் சுற்றினார்.

அப்போது கடைக்காரர் உள்ளே போய், துணியில் பொதிந்த இன்னொன்றை எடுத்துவந்தார். “சேட்டா, இது செல்ஃப் டெய்லிங். வால் பிடிக்கான் ஆளு வேண்டா.”

உருளையின் தலையில் பல் வைத்த வளையம் ஒன்று இருந்தது. வெளியே வருகிற கயிற்றை அதுவே கவ்விக்கொள்ளும். திருகுகிறவன் திருகிக்கொண்டே இருக்கலாம். மஸ்கட்டில் இதைப் போல எத்தனையோ அவர் கையால் பூட்டியிருக்கிறார். இது ஒன்று வாங்குகிற காசுக்குச் சாதா இரண்டு வாங்கி, மேற்கொண்டு கயிறும் வாங்கலாம். ‘நமக்கு எதுக்கு?’ என்று தள்ளி வைத்தார். ஆனாலும் மகளிடம் காட்டலாம் என்று வீடியோவில் கூப்பிட்டார்.

மாரீஸ்வரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வகையையும் அவர் காட்டி விளக்கியதும், “அப்பா, சாதா வேணாம்ப்பா. அந்தத் துணியில இருக்குதுல்ல, அதையே எடுங்க. மிச்சக் காசு நான் அனுப்புறேன்” என்றாள்.

“அது எதுக்குத்தா? கயிறு புடிக்கத்தான் டிசம்பருக்கு நீ வர்றீல்ல.”

குழாய்ச் சத்தம் நின்றது.

“அதான்ப்பா… லீவு இன்னும் உறுதியாகல. நீங்க அதையே வாங்கிக்கங்க. ஆனா தனியா மட்டும் போயிராதீங்க. எனக்குத் தூக்கமே வராது. மாமாவக் கூட்டிக்கிட்டுப் போங்க, சரியா?”

“சரித்தா.”

தனியாள் ஓட்டுகிற சாமானை வாங்கச் சொல்கிறாள், தனியாகப் போகாதே என்றும் சொல்கிறாள். ஒச்சாண்டிக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருடம் மஸ்கட்டிலிருந்து அவரும் இப்படித்தான் பேசினார். அடுத்த சித்திரைக்கு வந்துவிடுவேன் என்பார், அதே மூச்சில் மோட்டார் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவைப்பார்.

நல்லகண்ணு கேட்டுக்கொண்டுதான் இருந்தான். “மச்சான், சாதாவே ரெண்டா எடுங்க. நா வந்து புடிக்கிறேன்.”

“நீ வாய்க்கா தண்ணியிலயே கால நனைக்க மாட்ட.”

“கரையில நின்னு புடிச்சா ஆகாதா?”

ஒச்சாண்டி சிரித்துவிட்டார். பிறகு துணிப் பொதியைப் பக்கத்தில் இழுத்தார். மகள் காசுக்குக் காத்திருக்கவில்லை, கையில் இருந்ததை எடுத்துவைத்தார்.

“ஒண்ணு மதியோ சேட்டா? ரெண்டு சைடு உண்டல்லோ?” ஒன்று போதுமா என்று கேட்டார் கடைக்காரர்.

“ரெண்டு சைடும் உக்கார ஆளு இல்ல. நடுவுல வச்சுக்கிறேன்.”

மறுநாள் காயலோரம் போய் அப்படியே வைத்தார். சாதாப் படகில் வலக் கயிற்றுக்கு ஒன்று, இடக் கயிற்றுக்கு ஒன்று என்று இரண்டு வின்ச் இருக்கும். அவர் இரண்டு கயிற்றையும் கப்பி போட்டுத் திருப்பி, தான் உட்கார்கிற இடத்துக்கு முன்னால் நடுவில் கொண்டுவந்தார். பழைய இரண்டையும் கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்தார். நல்லகண்ணு காயலோரம் தென்னை நிழலில் உட்கார்ந்து, கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே வேலையை மேற்பார்வை பார்த்தான்.

மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. ஒச்சாண்டி பாயை விரித்து, தனியாகவே காயலுக்குள் போனார். கயிற்றைச் சுற்றிப் பல்லில் கொடுத்துத் திருகினார். கவ்விக்கொண்டது. பாய் விறைத்து, படகு ஒருச்சாய்ந்து ஓடியது. ஒரு கை சுக்கானில் இருந்தது. இன்னொரு கைக்கு வேலையில்லை. எதிர்ப் பலகை காலியாக இருந்தது. “விட்றாத” என்று அவருக்கு வாய்வரை வந்தது.

சும்மா இருந்த கையால் போனை எடுத்துப் பாயை, தண்ணீரை, தூரத்துக் கரையை வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது.

“சூப்பர்ப்பா! மாமாவா எடுத்தாங்க? கை நடுங்காம எடுத்திருக்காங்களே.”

ஒச்சாண்டி கரையைப் பார்த்தார். நல்லகண்ணு தென்னை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.

“ஆமாத்தா” என்று அனுப்பினார்.

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ அனுப்புங்க. பாத்துட்டு நிம்மதியாத் தூங்குறேன்.”

அவர் படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தார். “ஏலே மாப்ள, எந்திரி. ஒரு நிமிசம் உள்ள வந்து உக்காரு.”

“எதுக்கு மச்சான்?”

“போட்டோவுக்கு.”

நல்லகண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமி பேரை எல்லாம் சொல்லி, படகுக்குள் ஒரு காலை வைத்தான். பிறகு மற்றொரு காலை. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். கரை தெரியாதபடி, தன் முகமும் விழும்படி ஒச்சாண்டி போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து எடுத்தார்.

“எடுத்தாச்சா? எறங்கிக்கிறவா?”

“எறங்கிக்க மாப்ள.”

அவன் இறங்கியதும் ஒச்சாண்டி துடுப்பைக் கரையில் ஊன்றிப் படகை மறுபடியும் காயலுக்குள் தள்ளினார்.